கண்ணாடி தொலைத்த பேய்

வாயில் ஊட்டும் கஞ்சியை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வது பரந்தாமனுக்கு வழக்கமாகிவிட்டது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஏழு வாரம். பேச்சும் போயிற்று. தொண்டை வேலை செய்கிறது, அவர்தான் மனசு வைக்கவில்லை என்றாள் டாக்டர் ரேஷ்மா. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், அரைக் கிண்ணமாவது இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள குமணன்சாவடி வீட்டுக்குத் தினமும் வரும் சொர்ணத்துக்கு அந்தக் குழாய் சரிப்படவில்லை. இந்த மனுஷன் அதைப் பிடுங்குவார். பிடுங்கினால் நல்லாயிருக்கும் இடக்கையையும் கட்டிலோடு கட்டுவார்கள்.

சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் சட்டைக் காலர் தைத்தவள். புருஷன் இதே நோயில் விழுந்தபோது விவரம் தெரியாமல் படுக்கவைத்தே பால் புகட்டினாள். பால் நுரையீரலுக்குப் போய் அவர் செத்தார். அதற்கப்புறம் ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போய் இந்த வேலையைக் கற்றாள். நிமிர்த்தி உட்காரவை, தாடையைக் கொஞ்சம் தாழ்த்து, அரைக் கரண்டி கொடு, தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திரு, டிவியை அணை.

புதன்கிழமை டிவியை அணைக்க மறந்துவிட்டாள். தமிழில் பேசவைத்த தாய்லாந்துப் பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கிணற்றில் தள்ளிக் கொன்ற ஒருத்தி பழிவாங்க எழுந்து வருகிறாள். மூக்குக்கண்ணாடி கிணற்றிலேயே போய்விட்டதால் ஆள் தெரியவில்லை. எதிர்ப்பட்டவன் முகத்தோடு முகம் வைத்து, கண்ணைச் சுருக்கி, "நீதானா நைனா அவன்?" என்கிறாள்.

பேய் நெருங்கியதும் பரந்தாமனின் தொண்டை மேலேறி இறங்கியது. கன்னம் காலி. அடுத்த நிமிஷம், தப்பான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று பேய் மன்னிப்புக் கேட்க, அவர் கோணல் வாயால் சிரித்தார். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. சொர்ணத்துக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. வாயில் கஞ்சியோடு சிரித்திருந்தால் புரையேறியிருக்கும்.

சாயங்காலம் பரந்தாமனின் மகள் லாவண்யாவை அதே படத்தை மறுபடி போடச் சொல்லி, துணி மடித்துக்கொண்டே இரண்டு தடவை பார்த்தாள். எங்கே பயம், எங்கே சிரிப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டாள். வியாழக்கிழமை பேய் வரும் முன் அரைக் கரண்டி. விழுங்கியதும் படத்தை நிறுத்தி, டார்ச் அடித்து வாயைப் பார்த்து, பிறகுதான் சிரிப்புக்கு அனுமதி. ஆறு கரண்டி இறங்கியது.

நோயாளி இருக்கிற வீட்டில் பேய்ப்படமா என்று மனைவி சாமுண்டீஸ்வரி முகம் சுளித்தாள்.

"குழா வந்தா அந்தக் கையையும் கட்டிருவாங்க, அண்ணி. பேய் பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்," என்றாள் சொர்ணம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரேஷ்மா வந்து உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்த நேரம் கரண்ட் போயிற்று. லாவண்யா தன் போனோடு வேலைக்குப் போயிருந்தாள். சொர்ணத்திடம் இருந்தது படம் ஓடாத பட்டன் போன். முதல் கரண்டி கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பரந்தாமன் கறுத்துக் கிடந்த டிவியையே பார்த்தார். ரேஷ்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

சொர்ணம் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். முகத்தை அவர் முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினாள்.

"நீதானா நைனா அவன்?"

தொண்டை ஏறி இறங்கியது.

சாமுண்டீஸ்வரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொர்ணம் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள், சுத்தம். இப்போது சிரிக்கலாம் என்றாள். அவர் சிரித்தார். கிண்ணம் பாதிக்குக் கீழே போகும்வரை அவள் பத்து தடவை பேயானாள். ரேஷ்மா குழாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பைக்குள் வைத்து, அடுத்த வாரம் எடை பார்க்கிறேன் என்று எழுந்தாள்.

பரந்தாமன் மடியிலிருந்த கண்ணாடியை இடக்கையால் எடுத்தார். சொர்ணத்தின் முகத்தில் மாட்டிவிட்டார். ஒரு காது தப்பிப்போய்க் கண்ணாடி சாய்ந்து நின்றது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"அரை மணி நேரம் சாயக்கூடாது, அண்ணாத்தே. நிமிந்து குந்து," என்றாள்.