வேலூர் பௌதிக்கு எவ்வளவு கமிஷன்?

காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்தால் "ஒழுங்காகச் செய்தாயா?" என்று கேட்பார்கள், வாங்காமல் செய்தால் "எதற்காகச் செய்தாய்?" என்று கேட்பார்கள். கல்கத்தாவில் நான் பார்த்தது இரண்டாவது ரக வேலை.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். தொண்ணூறுகளின் கடைசியில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். வங்காளிகளுக்குப் பெரிய நோய் என்று வந்துவிட்டால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். என் சித்தி மகள் அங்கே நர்ஸ். இது தெரிந்து எதிர்வீட்டுக்காரர் வழி கேட்டார், சொன்னேன். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். அப்புறம் மதியச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு ஆட்கள் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். காட்பாடியில் இறங்க வேண்டும், எந்தத் தெருவில் தங்கினால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், 'வலிக்குது', 'மெதுவா', 'வெந்நீர் வேணும்' என்பதை எப்படிச் சொல்வது, இவ்வளவுதான் என் பாடம். அவசரம் என்றால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்தி மகளுக்கு ஒரு போன். எனக்கு 'வேலூர் பௌதி' என்று பெயரே வந்துவிட்டது. பௌதி என்றால் அண்ணி. நானோ திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வேலூரைக் கண்ணால் பார்த்ததில்லை!

அடுத்தவரை முதலில் பார் என்று சர்ச்சில் சொல்லும்போது ஞாயிற்றுக்கிழமை தலையை ஆட்டிவிட்டு, திங்கட்கிழமை கதவைத் தட்டுகிறவரைப் போகச் சொல்ல எனக்கு வரவில்லை. காரணம் அவ்வளவுதான். இதை யாரும் நம்பவில்லை. உதவி செய்யப் போய்த் திருடிபோல முழித்து நின்ற சகோதரிகளே, நீங்களாவது நம்புங்கள்.

பேரம்

கரியாஹாட் பக்கத்திலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் வந்தார். மனைவிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அந்த அம்மாள் 'வலிக்குது' என்பதை நல்ல பிள்ளையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் பழகவில்லை. என் வீட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலி, மண்ணெண்ணெய் ஸ்டவ், கொடியில் என் மகள் ஷைனியின் ஜட்டி. வருமானத்தின் அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

"நீங்கள் தங்கச் சொல்கிற லாட்ஜ்காரர் உங்களுக்கு என்ன தருகிறார்?" என்றார். ஒன்றும் தருவதில்லை, பிடிக்காவிட்டால் வேறு லாட்ஜில் தங்குங்கள் என்றேன். "அப்படியானால் அந்த வேறு லாட்ஜ்காரர்?" என்றார். ஆஸ்பத்திரி? ரயில்வே? யாரும் எதுவும் தருவதில்லை என்று கேட்டதும் முகம் இன்னும் வாடிவிட்டது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கமிஷன் வாங்குகிறவர்களிடம் பேரமாவது பேசலாம் பௌதி. வாங்காதவர்களை என்ன நம்பிப் போவது?"

தூரத்து ஜெபம்

ஒரு வயதான அம்மாளைப் பேரன் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனான். சுவரில் இயேசு படம் போட்ட காலண்டரைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். டீ கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார், ஆபரேஷனுக்கு முன்பா பின்பா தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று.

"என் மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டவே நான் தெருவெல்லாம் துரத்த வேண்டியிருக்கிறது, உங்களை யார் பிடித்து ஊற்றப் போகிறார்கள்?" என்றேன். சிரித்துவிட்டார். டீயையும் குடித்தார். ஆனால் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு எச்சரித்துவிட்டுத்தான் போனார்: "நீ ஜெபம் செய்வதானால் செய், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லாமல் செய்."

சொந்தக்காரர் சந்தேகம்

வெளியார் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ராஜம் அக்கா தலைவி. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பிவிட்டார்.

"ஏ கிரேஸ், இத்தனை பேருக்கு மாங்கு மாங்குனு செய்தியே, ஒருத்தராவது நம்ம ஆராதனைக்கு வந்தாங்களா?"

"இல்லக்கா. அவுக வயித்து வலிக்கு வேலூர் போயிருக்காக. இங்க எப்படி வருவாக?"

"குணமாகித் திரும்பி வந்த பெறகு?"

"வந்து சந்தேஷ் இனிப்பு கொடுத்துட்டுப் போனாக."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜம் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ இது ஊழியமாட்டி, இல்ல டிராவல் ஏஜென்சியா?"

கீழ்வீட்டுச் சங்கிலி

எங்கள் வீட்டுக்காரம்மாளை மாஷிமா என்று கூப்பிடுவோம், சித்தி மாதிரி. கீழே அவரும் கணவர் மேஷோவும் மட்டும். பிள்ளைகள் இல்லை. மாஷிமா கதவை முழுசாகத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. சங்கிலியை மாட்டி, அந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்துத்தான் பேசுவார். அவர் அண்ணன் ஒருமுறை காசிக்குப் போய்வருவதற்குள் குடியிருந்தவன் மற்ற அறைகளையும் பூட்டிக்கொண்டானாம். அந்த வழக்கு அலிப்பூர் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது, அண்ணன்தான் இல்லை. கல்கத்தாவில் வாடகைக்கு வந்தவன் போகமாட்டான் என்பது சொந்த வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் உள்ள பயம். இதில் என் வீட்டுக்கு வேறு தினமும் ஆட்கள் வந்து போகிறார்கள். மாடியில் நான் ஆபீஸ் திறந்துவிட்டேன் என்றே மாஷிமா முடிவு கட்டியிருந்தார்.

ஒருநாள் மேஷோ என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். குரல் காற்றாகத்தான் வந்தது. தொண்டையில் கட்டி, சோறு இறங்கவில்லை, உடனே வேலூர் போ என்று டாக்டர் சொல்லி நாளாகிறது, இவள் புறப்பட மாட்டேன் என்கிறாள் என்றார். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், என் காலடியில் ஒரு மனிதர் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் இருந்திருக்கிறார். நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். எல்லா ஏற்பாடும் நான் செய்கிறேன், போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், ஸ்டேஷனுக்குச் சித்தி மகளே வருவாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சங்கிலிக்குப் பின்னாலிருந்த கண் அசையவில்லை. "நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் இந்த வீட்டில் யார் இருப்பார்கள்? நீ!"

கட்டில் கால்

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் இருப்பதுதானே அவருக்குப் பயம்? நான் இல்லாமல் போய்விட்டால்? கிடர்ப்பூர் துறைமுகக் குடியிருப்பில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒரு ஒழுகுகிற அறையை வைத்திருந்தார். ஆபீசிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? கல்கத்தாவுல வாடகை வீட்டைத் தானா விட்டுட்டுப் போனவன் எவனாவது உண்டா? திரும்பத் தராட்டா? இதவிடக் கூட வாடகைக்கு வேற ஆளுக்கு விட்டுட்டா, புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க நிப்ப?"

"அவிய தராட்டா வேற வீடு தேடுவோம். அவரு தொண்டைக்கு வேற தொண்டை தேட முடியாதுல்லா?"

அவர் சாப்பிட்டார். கை கழுவினார். ஜன்னலோரம் போய் நின்றார். கீழே மேஷோ ஷைனிக்குப் பிஸ்கட் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, எங்கள் கட்டிலைப் பார்த்தபடி கேட்டார்: "இதோட காலைக் கழட்டணும்னா அந்த ஸ்பானர் எங்க கெடக்கு?"

சாவி கொடுத்த குற்றம்

சாவியைக் கொடுத்ததும் மாஷிமாவின் முகம் மலரும் என்று நினைத்தேன். எனக்கு அனுபவம் போதாது. மேலே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். எந்த புரோக்கர் எங்களைப் போகச் சொன்னான் என்று கேட்டார். மேஷோ குணமாகி வந்ததும் இஷ்டமிருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அந்தப் பதிலில்தான் பயந்தே போனார். எங்கள் சாமான் ஏற்றிய வேன் ரிக்ஷா நகரும்போது கூடவே நடந்து வந்து கேட்டார்: "காலி செய்யச் சொல்லாமலே காலி செய்கிற குடித்தனக்காரரை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல், உள்ளே என்னத்தை உடைத்து வைத்திருக்கிறாய்?"

தயிர் சாதம்

எப்படியோ புறப்பட்டார்கள். மேஷோ விழுங்கும்படி தயிர் சாதத்தைக் கூழாகப் பிசைந்து தூக்கில் எடுத்துக்கொண்டு ஹௌரா ஸ்டேஷனுக்குப் போனேன். மாஷிமா தூக்கை வாங்கித் திறந்தார். கரண்டியை என்னிடமே நீட்டினார். முதலில் நான் சாப்பிட வேண்டுமாம்! பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. மேஷோ ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு காற்றுக் குரலில் சொன்னார்: "கோபித்துக்கொள்ளாதே. என் தட்டில் யார் எது போட்டாலும் முதலில் இவள்தான் சாப்பிட்டுப் பார்ப்பாள். இன்று அந்த உரிமையை உனக்குக் கொடுத்திருக்கிறாள்."

கிடர்ப்பூர்

மழைக்காலம் முழுவதும் வாளியும் சட்டியுமாக அந்த அறையில் கழித்தோம். ஷைனிக்குச் சளி மாறவேயில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அங்கே எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. கர்த்தருக்காகத்தான் செய்தேனா, இல்லை 'வேலூர் பௌதி' என்ற பெயர் ருசித்துவிட்டதா? அதற்கு இன்றுவரை பதில் தெரியாது. கட்டியை எடுத்தாயிற்று, கஞ்சி இறங்குகிறது என்று சித்தி மகள் போனில் சொன்னபோது மட்டும் பூத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதில் சந்தேகம் இல்லை.

அவர்கள் வேலூரிலிருந்து திரும்பிய பிறகு ஒரு மாலை, மாஷிமா சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். ஒழுகுகிற கூரையைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். இருமிக்கொண்டிருந்த ஷைனியை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். "மாடியை யாருக்கும் விடவில்லை, நாளைக்கே வந்துவிடு. ஆனால் சத்தியமாகச் சொல் பெண்ணே, உனக்கு எங்களிடம் என்னதான் வேண்டும்?"

இந்த வேலையில் சம்பளமே சந்தேகம்தான், சகோதரிகளே. மாஷிமா அதை ஒரு சாவியோடு சேர்த்துக் கொடுத்ததைத்தான் நான் இன்கிரிமென்ட் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.