மீடியம் சைஸ் தீபாவளி

துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாவை எடுத்துவிட்ட பிறகு வந்த முதல் தீபாவளி. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் செக்கிங் வேலை எனக்கு. பெண்கள் போடும் டைட் ஃபிட் டி-சர்ட் ஆர்டர் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. லைக்ரா துணி. அளவு கொஞ்சம் தப்பினாலும் காட்டிக் கொடுத்துவிடும். டம்மி பொம்மை கையைத் தூக்காது, குனியாது. அதனால் ஆள்தான் போட்டுக் காட்டவேண்டும் என்று, வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சரக்கைப் பார்த்து ஓகே சொல்லும் பையிங் ஆபீஸ் மேடம் சொல்லிவிட்டார். கம்பெனிப் பெண்களையெல்லாம் அளந்து பார்த்ததில் மீடியம் சைஸுக்கு அச்சாகப் பொருந்தியது நான்தான். அன்றிலிருந்து என் இடுப்பு என் சொந்த விஷயமாக இல்லை.

"ஏனுங் அம்மிணி, தீவாளி முடிஞ்ச திங்கக்கெழம மேடம் வர்றாங்க. அதுவரைக்கும் வாயக் கட்டோணும். பெருத்துட்டீங்கன்னா ஆர்டர் போச்சுங்க" என்றார் முதலாளி.

லீவுக்கு ஊருக்குப் போகிற தெக்கத்தி டெய்லர்களிடம், ஆர்டர் ஓகே ஆனால்தான் வேலை, ஃபோன் வந்த பிறகு கிளம்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த சாம்பிளைத் தைத்த மேரியும் அதில் ஒருத்தி. சாத்தூர்ப் பக்கம். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, எங்க பொழப்பு ஒங்க இடுப்புலதான் இருக்கு. பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

1. ஸ்வீட் பாக்ஸ் மழை

தீபாவளி வாரத்தில் கம்பெனி மேஜைகளைப் பார்க்கவேண்டும். டையிங்காரர் மைசூர்பாகு தருவார், பிரிண்டிங்காரர் லட்டு, எலாஸ்டிக்காரர் முந்திரி கேக். பெட்டியை மூடியபடி வீட்டுக்குக் கொண்டுபோனால் ராத்திரி அது நம்மைக் கூப்பிடும். நான் வந்த பெட்டியை அங்கேயே திறந்து பேக்கிங் செக்‌ஷனில் வைத்துவிடுவேன். டீ டைம் முடிவதற்குள் அட்டை மட்டும் மிஞ்சும்.

சேவூரில் மாமியார் வீடுதான் பெரிய கண்டம். இட்லி, கறிக்குழம்பு, வெல்லம் மணக்கும் கச்சாயம். வேண்டாம் என்றால் பகை.

"ஏங் கண்ணு, எம்பட கைப்பக்குவம் உனக்கு ஆகலியா?" என்று மாமியார் ஆரம்பித்ததுமே கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். பரிமாறுகிறவளை யாரும் 'நீ சாப்பிட்டியா' என்று கேட்பதில்லை. இந்த வித்தையை எல்லா மருமகள்களுக்கும் இலவசமாகத் தருகிறேன்.

அதோடு நின்றிருக்கலாம். மேரி சொன்னது காதிலேயே இருந்தது. மீதி நாளெல்லாம் காலையில் அரை இட்லி, ராத்திரி மோர்.

2. திங்கட்கிழமை

காலையில் ஜம்பமாகப் போய் டேப்பைச் சுற்றினேன். இடுப்பு ஒன்றரை இன்ச் கம்மி. சாம்பிளைப் போட்டால் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்குகிறது. மேடம் ஆளை அளந்துவிட்டுத்தான் சாம்பிளையே பார்ப்பார். அளவு சரியில்லை என்றால் அடுத்த விசிட் பொங்கலுக்கு மேல்தான்.

"அட சாமி! பெருக்காதீங்கன்னு சொன்னனுங்க, எளைக்கச் சொன்னனுங்களா?" முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சைடுல புடிச்சுத் தெச்சுப் போடலாங்களா?"

"என்ற அளவுக்குப் புடிச்சுத் தெச்சா மொத்த சரக்கையும் அப்படித்தானுங்க வெட்டுவாங்க. நெசமான மீடியம் ஆளுக்கு ஏறாதுங்க" என்றேன்.

மேடம் வர இன்னும் நேரம் இருந்தது. முதலாளி தன் காரையே ஓட்டலுக்கு அனுப்பினார். பொங்கல், பூரி, வடை. அவர் கேபினில் மிச்சமிருந்த ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் திறந்தது. எதிரில் நின்று அவரே பரிமாறினார். "இன்னொரு வடை வெக்கட்டுங்களா அம்மிணி? தண்ணியும் குடிங்க." நடுநடுவே டேப். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சாப்பாடு போட்டதில்லை.

மேடம் வந்தார், அளந்தார். "அரை இன்ச் கம்மி. பரவால்ல, அந்த அளவு வித்தியாசம் டாலரன்ஸ்தான்." கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். குனியச் சொன்னார். என்னால் குனிய முடியவில்லை.

"என்ன இவ்வளவு மெதுவா? டைட்டா இருக்கா?"

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. டைட் என்று எழுதிவிட்டால் பேட்டர்னைத் திரும்ப முதலிலிருந்து வெட்டவேண்டும்.

"டி-சர்ட் சரியா இருக்குதுங்க மேடம். மொதலாளி எனக்கு வாங்கிக் குடுத்த பொங்கல்தானுங்க டைட்டு."

மேடம் முதலாளியைப் பார்த்தார், மேஜை மேலிருந்த எச்சில் இலையைப் பார்த்தார். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. துணியை இழுத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

மேரிக்கு நானே ஃபோன் போட்டேன். "ஓகே ஆயிருச்சு, பஸ் ஏறு." அந்தப் பக்கம் அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இப்போது என்னிடம் ஃபிட்டிங்குக்கு வரும் பெண்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பண்டிகைக்கு முந்தி எப்படிச் சாப்பிட்டீர்களோ அப்படியே சாப்பிடுங்கள். ஆசைக்கு ஒரு துண்டு இனிப்பு, மீதியை ஊருக்குப் பங்கு. பட்டினி மட்டும் வேண்டாம். அதுவும் அளவைக் கெடுக்கும்.

அந்தத் தடவை மேரி ஊரிலிருந்து திரும்பி வரும்போது கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்தாள். ரெண்டு தின்றேன். மூன்றாவதுக்கு நீண்ட கையை அவளே தட்டிவிட்டாள்.

"போதும்க்கா. அடுத்த சாம்பிள் வருதுல்லா?"