பவுடர் மிஸ்ஸி என்று பெயர் வைத்தவன் நான்

ஃபாரூக் திரீவீல் ஓட்டிக்கொண்டேதான் போனில் பேசுவான். அன்றைக்கும் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான். அண்ணன் முறையில் அவன் என்னைக் கூப்பிடுவது நானா என்றுதான்.

"நானா, கேட்டீங்களா? பவுடர் மிஸ்ஸி மவுத்தாகிட்டாங்களாம். மாத்தளையில. விடியக்காலம்."

"யாரு?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நம்மட மிட்வைஃப் மிஸ்ஸி. புவனேஸ்வரி மிஸ்ஸி. அந்தக் கம்பனிப் பவுடர் ஆள்."

நாவுலப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்த, முப்பது வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் படலை படலையாக ஏறி இறங்கிய ஒரு மனுஷியின் மரணச் செய்தி, இப்படி ஒரு பெயரோடு என் காதுக்கு வந்தது. அந்தப் பெயரை வைத்தது யாரென்று ஃபாரூக்குக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. வைத்தவன் நான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் வெளியிடுகிறோம், பழைய ஆட்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மிஸ்ஸியின் தம்பி கேட்டார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஆயுள் முழுவதும் தராசில் நின்றவன் நான். இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆகவே நான் சொல்லச் சொல்ல என் மகனின் மனைவி ரிஸானா எழுதுகிறாள். அவளும் இந்தக் கதையில் வருகிறாள். எதையும் வெட்டாமல் எழுது மகள் என்று சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸியை அறிந்தவர்கள் படிக்கப்போகிற புத்தகம் இது. அவரைப் பற்றி நான் பரப்பிய பொய்யை நம்பியவர்களும் இதே ஆட்கள்தான்.

முதலில் பழைய சங்கதி ஒன்று. என் மகன் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். நானும் மனைவியும் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தோம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், பால்மாக் கம்பனி ஆள், மிஸ்ஸியின் மேசையில் ஒரு பெரிய கலண்டரை விரித்தார். படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தை. தொடையில் மூன்று மடிப்பு. மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை ஒரு பக்கமாகவும் திகதிகளை ஒரு பக்கமாகவும் வெட்டினார்.

"மிஸ், இது சும்மா தாறது," என்றார் அந்த ஆள். முகம் கறுத்துவிட்டது.

"சும்மா தாறதைத்தான் ரெண்டு தரம் பாக்கோணும். திகதி எல்லாருக்கும் ஒண்டுதான், அது இஞ்ச இருக்கட்டும். இந்தப் பிள்ளை எங்கட பிள்ளை இல்லை. கொண்டுபோய் உங்கட வீட்டில கொழுவுங்கோ."

திரும்பி வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "போன முறையும் இப்படி ஒரு படம் அங்க தொங்கினிச்சி. அதைப் பாத்துப் பாத்துத்தான் நம்மட புள்ள மெலிவு, என்ட பால் போதாதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." இத்தனை காலம் போன பிறகும் அந்தக் கத்தரிக்கோலின் சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த நினைவு தேவைப்பட்ட நாளில் எனக்கு உதவவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பெண்களுக்கு இலவச உடற்பரிசோதனை என்று வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள். நடத்தியது ஒரு மெலிவுப் பவுடர் கம்பனி. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். ரிஸானா போகவேண்டும் என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, கையில் ஐந்து மாதக் குழந்தை. என் மகன் கட்டாரில் இருக்கிறான். வீடியோவில் பேசும்போது, "என்ன, முகம் ஊதிப்போச்சி?" என்று சிரித்திருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

வெறுங்காலோடு கண்ணாடித் தட்டில் ஏறவேண்டும். பக்கத்தில் ஒரு பிள்ளை, கையில் அகலமான போன். அவள் ஏதோ தட்டுவாள், ஒரு துண்டுக் காகிதம் வரும். எடை, கொழுப்பு, அதற்குப் பிறகு 'உடம்பின் வயது'. ரிஸானாவின் உடம்புக்கு நாற்பத்துமூன்று வயதாம். எங்கள் ஊரில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே நாளில் பதினைந்து இருபது வயது கூடிவிட்டது. துண்டை வாங்கியவர்கள் முகம் செத்துப்போய் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். அந்த மேசையில்தான் பவுடர் டின்கள்.

தராசுக்காரனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? கூட்டம் குறைந்ததும் நானும் ஏறினேன்.

"சீயா, இது லேடீஸுக்கு மட்டும்," என்று அந்தப் பிள்ளை, சிங்களத்தில் தாத்தா என்று கூப்பிட்டு, சிரித்தாள்.

"எடை மட்டும் பாக்கிறேன் மகள். கெழவன் ஏறினா மெஷின் தேஞ்சிடாது."

என் எடை எனக்கு எப்போதும் தெரியும். மெஷின் அரைக் கிலோகூடப் பிசகாமல் காட்டியது. அதோடு என் சந்தேகம் இன்னும் கூடியது. தராசு சரியென்றால் திருட்டு வேறு எங்கோ இருக்கிறது. எங்கே, எங்கே என்று தேடிய என் கண் முன்வரிசையில் போய் நின்றது. அங்கே புவனேஸ்வரி மிஸ்ஸி, பென்ஷன் எடுத்தவர், கம்பனியின் பெயர் போட்ட புதுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டின் விற்ற பிள்ளையோடு சிரித்துப் பேசினார்.

போதாதா எனக்கு? அன்றைக்குப் பின்னேரமே சந்தியில் தேத்தண்ணீர்க் கடையில் சொன்னேன்: "மிஸ்ஸியும் அந்தப் பக்கம் பாஞ்சிட்டாங்க. பென்ஷன் பத்தாது போல. இனி அவங்க பவுடர் மிஸ்ஸி." ஃபாரூக் விழுந்து விழுந்து சிரித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, எனக்கே யாரோ அந்தக் கதையைப் புதுக் கதை மாதிரிச் சொன்னார்கள்.

வீட்டில் நடந்ததை நான் பிந்தித்தான் கண்டேன். ரிஸானா காலையில் ஒரு கிளாஸ் பவுடர், இரவில் ஒரு கிளாஸ், பகலில் கோழிக்குஞ்சு கொத்துகிற அளவு சோறு என்று இருந்திருக்கிறாள். கேட்டால், "பசியில்ல மாமா, இப்பதான் சாப்பிட்டேன்," என்பாள். நான் நம்பினேன். என் கைதான் நம்பவில்லை. தினமும் தூக்குகிற குழந்தை. இரண்டு கிழமையாகப் பாரம் அப்படியே நிற்கிறது. வளருகிற பிள்ளையின் பாரம் நிற்கக்கூடாது. ஒருநாள் குழாயடியில் ரிஸானா கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மார்பில் வாய் வைத்து, விட்டு, வைத்து, கத்தியது.

அடுத்த நாள் மிஸ்ஸி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. படலையிலேயே மறித்தேன்.

"வாங்க மிஸ்ஸி. டின் விக்க வந்தீங்களா? எவ்வளவு தந்தாங்க கம்பனியில?"

அவர் கோபப்படவில்லை. "ஒரு குடை தந்தவை, நானா. என்ர வாயை மூடுறதுக்கு எண்டால் குடை காணாது. தள்ளுங்கோ, நான் உங்களைப் பாக்க வரேல்ல. பாலூட்டுற பிள்ளையள் ஆர் ஆர் டின் வாங்கினது எண்டு பாக்கத்தான் முன்னுக்குப் போய் இருந்தனான். இது நாலாவது வீடு."

உள்ளே போய் முதலில் குழந்தையைத் தூக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கை கண்டதை அவர் கையும் கண்டுவிட்டது. பிறகு ரிஸானாவிடம் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கேட்டார்.

"எடை சரி, மிஸ்ஸி. நான் ஏறிப் பாத்தேன்," என்றேன்.

"எடை சரிதான். ஆனா இந்தக் கொழுப்புக் கணக்கு எப்பிடி வந்தது? எனக்கும் இப்பிடித்தான் தந்தவை. அந்தப் பிள்ளை போனில என்னவோ அடிச்சது, நான் இருந்த இடத்துக்குத் தெரியேல்ல."

அப்போதுதான் நான் சொன்னேன். சந்தையில் கிளாக்கர்மார் எழுதுவதை என்னால் வாசிக்க முடியாது. அதனால் கை போகிற போக்கைப் பார்த்தே என்ன எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகியவன் நான். அந்தப் பிள்ளையின் விரல் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் ஒரே மூன்று தட்டுத் தட்டியது: மேல் இடது மூலை, நடு, கடைசியாக அடியில். நெட்டைக்கும் அதே, கட்டைக்கும் அதே.

மிஸ்ஸி தன் போனில் இலக்கங்களை வரவழைத்து நீட்டினார். "அடிச்சுக் காட்டுங்கோ."

அடித்தேன். ஒன்று, ஐந்து, பூச்சியம்.

"நூற்றைம்பது," என்றார். "உயரம். எல்லாரையும் நூற்றைம்பது சென்டிமீட்டர் எண்டு போட்டிருக்கினம். ரிஸானா, தையல் டேப் இருக்கோ?"

கதவு நிலையில் சாய்த்து அளந்தார். நூற்று அறுபத்தைந்து. ரிஸானா எங்கள் வீட்டிலேயே நெட்டை. அவளைப் பதினைந்து சென்டிமீட்டர் வெட்டிக் குள்ளமாக்கி, அந்த உயரத்துக்கு நீ குண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களா, அளக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் செய்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டிலும் டின் விற்கும்.

ரிஸானா அழத் தொடங்கினாள். "அவர் வீடியோவில பாத்துச் சிரிச்சாரு மிஸ்ஸி."

"எடு அவனுக்கு."

கட்டாரில் வேலை நேரம். அவன் எடுத்ததும் மிஸ்ஸி கேட்டார்: "தம்பி, என்னைத் தெரியுதோ? உன்னை வெளியில எடுத்தது நான். அண்டைக்கு உன்ர உம்மா இவளை விட ரெண்டு மடங்கு. நாங்கள் ஒருத்தரும் சிரிக்கேல்ல. பாலூட்டுற உடம்பு ரெண்டு பேருக்கு உழைக்குது. சோறு குடுக்காமல் வேலை வாங்கலாமோ?" மகன் அந்தப் பக்கம் "இல்ல மிஸ்ஸி, சும்மா பகிடிக்கு மிஸ்ஸி" என்று முழுங்கினான். அன்றைக்கு எங்கள் வீட்டில் பகல் சோறு மிஸ்ஸியின் முன்னால் உண்ணப்பட்டது. மீன் ஆணத்தோடு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள் ரிஸானா. (இதை எழுதும்போது, மூன்றாம் முறை என்று திருத்துகிறாள்.)

போகும்போது மிஸ்ஸி என்னிடம் கேட்டார்: "உந்த விரல் விஷயத்தை ஏன் நானா அண்டைக்கே ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"யாருக்கிட்டச் சொல்ல, மிஸ்ஸி? கேக்க ஆளில்லையே."

"என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் ஊர் முழுக்க ஆள் இருந்தது என்ன?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்து, மன்னிச்சிக்கங்க மிஸ்ஸி என்றேன். "என்னட்டைச் சொல்லி என்ன? ஆருக்குச் சொன்னீங்களோ அவைக்குச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சொல்லியிருக்கவேண்டும். சந்திக்குப் போவதற்கு ஐந்து நிமிடம். ஆனால் போனால், நான் வாய்க்கு வந்தபடி உளறினேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன்.

அடுத்த மாதம் கம்பனிக்காரர்கள் திரும்ப வந்தார்கள். மண்டப வாசலில் மிஸ்ஸி நின்றார், கையில் ஒரு டேப்பும் பேனாவும். வருகிற ஒவ்வொரு பெண்ணையும் சுவரோடு நிறுத்தி அளந்து, உள்ளங்கையில் உயரத்தை எழுதிவிட்டு, "இதை அந்தப் பிள்ளையிட்டைக் காட்டு, இதைத்தான் போடச் சொல்லு," என்றார். ஏழெட்டுப் பேர் கையை நீட்டினார்கள். மற்றவர்கள் விலகிப்போனார்கள். எதிரே ஃபாரூக்கின் திரீவீலுக்குள் நான் இருந்தேன். இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது பேசியது தெளிவாகக் கேட்டது.

"பவுடர் மிஸ்ஸிக்கு என்ன வந்திச்சி இன்டைக்கு?"

"கம்பனியோட கமிஷன்ல சண்டையாம். அதான் வியாபாரத்தக் கெடுக்கப் பாக்கிறா."

நான் இறங்கவில்லை. ஃபாரூக்குக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பெண்களும் உள்ளே போய், ஆளுக்கு இரண்டு டின்னோடு வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. மிஸ்ஸி அவள் பின்னால் சந்திவரை போய்ப் பேசிப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. ஒரு கம்பனி தன் வேலையைச் செய்தது. அவர்களுக்கு எதிராக நின்ற ஒரே ஆளின் சொல்லைச் செல்லாததாக்கி வைத்தது கம்பனி அல்ல.

மாத்தளையில் செத்த வீட்டுக்குப் போனேன். வெளியே போட்டிருந்த கதிரைகளில் எங்கள் ஊர் ஆட்கள். ஒருவர் சொன்னார், "தங்கமான மனுஷி. அந்தப் பவுடர் விஷயம் ஒன்டுதான்..." நான் எழும்பி நின்றேன். "அது பொய். சொன்னவன் நான்தான். அவங்க ஒரு சதம் வாங்கல்ல," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

ஃபாரூக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை அவங்க உசிரோட இருக்கக்குள்ள சொல்லியிருந்தா என்ன நானா?" என்று கேட்டான்.

என் சந்தேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பெண்களின் உடம்பைப் பற்றி அக்கறையாகப் பேசுகிற எவனையும் நான் நம்பமாட்டேன். ஆனால் மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வேறு ஒரு சந்தேகம். யாரைப் பற்றியாவது ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டால், முதலில் என்னையே பிடித்து நிறுத்திக் கேட்கிறேன்: இதை அந்த ஆளிடமே கேட்டாயா? கேட்டிருக்கமாட்டேன். சொல்லை அப்படியே விழுங்கிவிடுகிறேன். கசக்கத்தான் செய்கிறது.