வாசமே இல்லீங்கப்பா

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தபோது நான் நான்காம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அப்பா, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டு, புதுக் கார் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அதில் ஏறினால் பெட்ரோல் வாசம் அடிக்கும். ஏறிய எல்லோருக்கும் அடித்தது, ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஒருவர் ஆசையாக வாங்கிய பொருளில் குறை சொல்வதைவிட மூச்சை அடக்கிக்கொள்வது எங்களுக்குச் சுலபம். "வண்டி அருமையா இருக்குதுங்க" என்று சொல்லி இறங்கி, நாலடி தள்ளிப்போய் நன்றாக மூச்சு இழுத்துக்கொள்வார்கள்.

அம்மா மட்டும் சொன்னாள். அப்பா ஒரு சோதனை நடத்தினார். சாயங்காலம் காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்து, காலையில் எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒழுகாத பெட்ரோல் எப்படி வாசம் அடிக்கும் என்று கேட்டார். அன்றிலிருந்து, அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டின் தீர்ப்பாகிவிட்டது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டேதான் அவள் காரில் வருவாள்.

அப்போதுதான் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவையோ தங்கையையோ புதுச் சேலை கட்டி அலங்கரித்து, அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். கல்யாணம் தம்பிக்கு என்றாலும் அந்தக் கொஞ்ச நேரம் அக்காவுக்கு உரியது. அம்மா அதற்கான சேலையைப் பீரோவிலிருந்து எடுப்பதும் பார்ப்பதும் மறுபடி மடித்து வைப்பதுமாக இருந்தாள்.

பண்ணையில் புதுக் குஞ்சுகள் இறக்க வேண்டியிருந்ததால், கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் எங்களால் கிளம்ப முடிந்தது. அன்று சாயங்காலமே சீர். அந்தியூர் வரை போக வேண்டுமே என்று அப்பா டேங்கை விளிம்புவரை நிரப்பி, வெயிலில் நிறுத்தியிருந்தார். கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. அம்மா ஏறாமல் நின்றாள்.

"ஏனுங்க, இன்னைக்கு ரொம்ப அடிக்குதுங்க. பஸ்ஸுல போயிர்லாமுங்க."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. மச்சினன் கல்யாணத்துக்குச் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனாலும் நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. உனக்கு வாசம் அடிக்குதா? அடிச்சா பஸ்ஸுலயே போலாம்."

எனக்கு அடித்தது. தொண்டைவரை அடித்தது. ஆனால் மண்டபத்து வாசலில் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் விளையாடிக்கொண்டிருக்கும்போது நான் காரிலிருந்து இறங்கியாக வேண்டும்.

"வாசமே இல்லீங்கப்பா" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

திருப்பூரைத் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு முதல் வாந்தி. கோபி போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை வண்டியை நிறுத்தினோம் என்று நினைவில்லை. மண்டபத்தில் இறங்கியபோது அம்மாவால் நிற்கவே முடியவில்லை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுபோனார்கள். எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றியது. கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அந்தச் சேலையை அம்மாவின் சித்தப்பா மகளுக்குக் கட்டி மாமாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேளச் சத்தம் அறைக்குள் கேட்டதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வெளியே ஓடிப்போய், கார் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு ஹாரன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அப்பா பிரேக் பார்ப்பதற்காகக் காரைக் கோயமுத்தூருக்கு எடுத்துப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த பாய், கதவைத் திறந்த வேகத்தில் பின்வாங்கினார்.

"ஏனுங்க, இந்த நாத்தத்துலயா குடும்பத்தோட போய்ட்டு வந்தீங்க?"

அந்தக் காரைப் பற்றி அப்பாவிடம் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன முதல் வெளியாள் அவர்தான். அப்பா தன் செய்தித்தாள் சோதனையை எடுத்துச் சொன்னார்.

"ஒழுகுனாத்தானுங்க தாள் நனையும். இது ஆவியாப் போகுதுங்க. டேங்கை ரொப்பி வெயில்ல நிறுத்துனா இன்னும் சாஸ்தியாகுமுங்க."

பாய் டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். டேங்கின் காற்றுத் துளையை அடைத்துவிட்டு, ஊற்றும் வாயில் ஒரு ட்யூபைச் சொருகித் துணியால் இறுக்கி, மெல்ல ஊதினார். குழாய் வளைகிற இடத்தில், கிளிப்புக்குக் கீழே, வரிசையாகக் குமிழிகள் வந்தன. தலைமுடி தடிமனுக்கு ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் மாட்டி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி ஊதி, குமிழி இல்லை என்று காட்டினார். எல்லாம் முக்கால் மணி நேர வேலை. அப்பா பிரேக்கைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகு என்னைக் காட்டி, இவளுக்குமா தெரியாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டார்.

"சின்னப் புள்ளைங்க அது. அதுக்கு என்னங்க தெரியும்" என்றாள் அம்மா.

அம்மா என்னை நம்பிவிட்டாள், தப்பித்தேன் என்று விளையாடப் போய்விட்டேன்.

வழிநெடுக நான் மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்ததையும், வாந்திக்கு நடுவிலும் அவள் என் கவுனைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே வந்ததையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகு காலம் ஆயிற்று. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. இன்றும் சொந்தத்தில் யாராவது அந்தச் சீர் பேச்சை எடுத்தால், அன்றைக்குத் தனக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.