கரி இல்லாத கறுப்பு

வலது கை அடுப்பின் மேலிருந்த வறுக்கும் டிரம்மின் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை நீண்ட கரண்டியை உள்ளே விட்டுக் கொஞ்சம் பார்லியை அள்ளியது, ஊதி ஆற்றியது, சில மணிகளை வாய்க்குக் கொண்டுபோனது. பல்லுக்கிடையில் கடிபட்ட மணி காலடியில் துப்பப்பட்டது. பதம் இன்னும் வரவில்லை. வெளுப்பாக உள்ளே போன தானியம் ரொட்டியின் மேல்தோல் நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டிச் சாக்லேட் நிறத்தைத் தொட்டது. வெடிக்கும் ஓசை அடங்கிய பிறகும் கைகள் நிற்கவில்லை. மறுபடி கரண்டி, மறுபடி கடி. ஒருவழியாக டிரம் கவிழ்ந்தபோது தகரத் தட்டில் கொட்டிய பார்லி கறுத்துப் புகைந்தது.

அந்தக் கைகளுக்குரியவளை அந்தப் பீர் ஆலையில் எல்லோரும் வறுவல்காரி என்றுதான் சொல்வார்கள். பட்டம் சூட்டியவள் நாத்தனார், அதாவது அவள் கணவனின் அக்கா. தானியத்தை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்தே வறுக்கிறாள் என்று ஒருநாள் பீப்பாய் கழுவுகிறவர்களிடம் சொன்னாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் பட்டம் ஒட்டிக்கொண்டது.

வறுவல்காரி ரொட்டி சுடுகிறவரின் மகள். கல்யாணமாகி வந்தபோது நெருப்பைத் தவிர வேறெதுவும் அவளுக்கு அங்கே பழக்கமானதாக இல்லை. மாமனார் அதைக் கவனித்து வைத்திருந்தார். வேலையிலிருந்து ஒதுங்கும்போது அடுப்பை மருமகளிடம் கொடுத்தார், ருசி பார்க்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தார். காய்ச்சுகிறவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பெற்றவளே பிள்ளைக்கு மார்க் போடலாமா என்பார் அவர். ருசி பார்ப்பவர் ஒரு கிளாஸ் முழுவதையும் குடித்துவிட்டு ‘போகலாம்’ என்று சொன்னால்தான் எந்தப் பீப்பாயும் வாசலைத் தாண்டும்.

மகளுக்கு வேண்டியிருந்தது அடுப்பு. பாவாடை கட்டிய வயதிலிருந்து அதன் பக்கத்திலேயே நின்றவள். நேற்று வந்தவளிடம் அது போனதை, அப்பா இறந்த பிறகும் அவள் மன்னிக்கவில்லை. மருமகளுக்கோ, தன் கையால் செய்ததைத் தானே நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள உரிமையில்லாதது நெஞ்சில் முள்ளாக இருந்தது. இருவருக்கும் நடுவில் இருந்தவர் ஒருத்திக்குப் புருஷன், மற்றவளுக்குத் தம்பி. விற்பனை என்று சொல்லிக் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பீர் புளிக்கும் வாசனை அவருக்குப் பிடிபட்டதேயில்லை. சண்டை புளிக்கும் வாசனை மட்டும் முந்தின நாளே தெரிந்துவிடும்.

ஆலைக்குச் சோறு போட்டது வெளுத்த பீர். ஸ்டவுட் என்கிற, வறுத்த பார்லியில் காய்ச்சும் பீர் வறுவல்காரியின் தனி ஆசை. கறுப்பாக, கனமாக, கசப்புச் சாக்லேட் நாக்கில் மெதுவாகக் கரைகிற மாதிரி ஒன்று. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. கெட்டுப்போன பீப்பாய்களைத் திறந்து திறந்து முகர்ந்து, எது ஏன் கெட்டது என்று யோசித்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். பக்கத்துத் தெருச் சாப்பாட்டுக்கடையின் சமையல்காரர் அந்த வாசனைக்கு ஒருநாள் உள்ளே வந்து எட்டிப்பார்த்தார். சுட்ட இறைச்சியோடு வைக்க இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும், தேறினால் விடாமல் வாங்குவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் காய்ச்சியதை நாத்தனார் குடித்து முடித்துக் கிளாஸை வடிகாலில் கவிழ்த்தாள். கரி என்றாள். அடுத்த முறை அதே வார்த்தையோடு, அடுப்பை நக்கிய மாதிரி இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டாள். வறுவல்காரி அதே பீப்பாயிலிருந்து தானும் ஊற்றிக் குடித்தாள். அவளுக்குக் கரியே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆக, இது பொறாமை என்று முடிவு கட்டினாள். கட்டியதோடு நிற்காமல், பீப்பாய் கழுவுகிறவர்கள் முன்னால் உரக்கச் சொல்லவும் செய்தாள்.

நாத்தனார் கத்தவில்லை. அடுத்ததும் கரியாக இருந்தால் டிரம்மைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வறுக்கும் அறையில் பாட்டில் அடுக்கப் போவதாகத் தம்பியிடம் சொன்னாள். வெளுத்த பீருக்கு வறுவல் எதற்கு? தம்பி தலையாட்டினார். அன்று இரவு பெண்டாட்டி அழுதபோதும் அதே தலையைத்தான் ஆட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து வறுவல்காரிக்குத் தாடை வீங்கியது. கடைவாய்ப் பல். பல் வைத்தியர் பிடுங்கிப் போட்டுவிட்டு, காயம் ஆறும்வரை கெட்டியாக எதையும் கடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்ச நாளைக்காவது அந்த வாய் மூடியிருக்கும், நல்லதாகப் போயிற்று என்று நாத்தனார் வைத்தியரை வாழ்த்தினாள். வறுவல்காரி பாலும் சூப்புமாகக் காலம் தள்ளினாள். டிரம் சும்மா கிடந்தது.

காயம் ஆறிவந்தபோது, நாத்தனாரோடு மல்லுக்கட்ட ஏதாவது பிடி கிடைக்குமா என்று, தள்ளப்பட்ட பீப்பாயில் மீந்திருந்ததை ஊற்றி வாயில் வைத்தாள். முதல் மடக்கு தொண்டைக்குள் இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது. நாக்கின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல். சாக்லேட்டுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. தீய்ந்த ரொட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. அப்படி ஒரு ரொட்டியைக் கண்டால் அவள் அப்பா நாய்க்குக்கூடப் போடமாட்டார்.

என்ன நடந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. தினமும் கறுத்த மணியைக் கடித்துக் கடித்துப் பதம் பார்த்ததில் நாக்கு கரிக்குப் பழகிவிட்டது. பழகப் பழக இன்னும் வறு, இன்னும் வறு என்று அது கேட்டிருக்கிறது. பல் போய், நாக்கு சும்மா கிடந்த நாட்களில் பழைய ருசி திரும்பிவிட்டது. நாத்தனார் பொய் சொல்லியிருந்தால் அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். உண்மை சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை டிரம் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கரண்டியில் வந்த மணியைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து, தட்டில் வைத்து, உள்நிறம் பார்த்தாள். புகையை முகர்ந்தாள். வெடிப்பு மெலியத் தொடங்கியதுமே டிரம்மைக் கவிழ்த்தாள். ஒரு மணியைக்கூட வாயில் போடவில்லை. வாசலில் நாத்தனாரின் நிழல் விழுந்தது.

“என்ன, கடிக்காம வறுக்கிற? பல்லு போனதும் புத்தி வந்துடுச்சா?”

“உங்களுக்குப் பல்லு எல்லாம் நல்லாதானே இருக்கு, அண்ணி.”

நாத்தனாருக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. உறைத்தபின் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த சல்லடை கீழே விழுந்தது.

காய்ச்சியது புளித்து அடங்கியதும், உடைத்த கோக்கோ விதைகளைத் துணியில் முடிந்து உள்ளே இறக்கினாள். சாக்லேட்டையே போட்டால் அதன் கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும். முடிச்சை எடுத்து, பீப்பாயை அடைத்து, காத்திருந்தாள்.

ருசி பார்க்கும் நாளில் சமையல்காரர் கைவண்டியோடு வந்துவிட்டார். வந்தவர் வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியதால், வறுவல்காரியின் வீட்டுக்காரரால் தன் வண்டியை எடுக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் நின்றார். பீப்பாய் கழுவுகிறவர்கள் வேலையில்லாத வேலையாக அங்கேயே சுற்றினார்கள்.

நாத்தனார் கிளாஸைத் தானே வெறும் தண்ணீரில் கழுவினாள். அடுத்தவர் கழுவியதை அவள் நம்புவதில்லை. ஊற்றியதும் ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். நடுவில் கறுப்பு, விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு. மேலே பழுப்பு நுரை அசையாமல் நின்றது. ஒரு வாய் குடித்தாள். நிலவறைக் குளிர் அப்படியே இருந்ததால் ருசி மூடிக்கொண்டிருந்தது. கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சமையல்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அப்புறம் கேட்கவில்லை.

சூடு ஏற ஏற அது திறந்தது. முதலில் ரொட்டித் தோலின் மணம். பிறகு கசப்புச் சாக்லேட், நாக்கின் நடுவில் கனமாக. அது கரையும் இடத்தில் உலர்ந்த திராட்சை போல ஒரு மங்கிய இனிப்பு. விழுங்கியபின் வாய் சுத்தமாக, அடுத்த வாய்க்கு ஏங்குகிறபடி உலர்ந்துபோனது. அவள் சாம்பலைத் தேடினாள். பின்நாக்கில், ஈறோரத்தில், மூச்சை மூக்கு வழியே விட்டு அங்கேயும் தேடினாள். ‘கரி’ என்ற சொல் தயாராக இருந்தது. சொன்னால் அறை அவளுடையது, இந்தப் பெண்ணுக்கு அங்கே நிற்க இடமில்லை. இத்தனை வருடத்தில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பொய் சொன்னதில்லை. வறுவல்காரிக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் கைவிரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டேயிருந்தன.

கிளாஸ் காலியானது. நுரை உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. நாத்தனார் அதை மேசைமேல் வைத்தாள்.

“போன தடவ நான் சொன்னது பொறாமைன்னு எல்லார் முன்னாலயும் சொன்ன. இப்பவும் எல்லாரும் இருக்காங்க. என்ன இருந்துச்சு அதுல, சொல்லு.”

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சொல்லாவிட்டால் பீப்பாய் நகராது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

“கரிதான் இருந்துச்சு,” என்றாள் வறுவல்காரி. “எனக்குத் தெரியல. நீங்க சொன்னது சரி.” கொஞ்சம் நிறுத்தி, “பொறாமையும் இருந்துச்சு. அத நீங்க சொல்லுங்க,” என்றாள்.

பீப்பாய் கழுவுகிற ஒருவர் இருமலை அடக்கினார். நாத்தனார் எழுந்து புடவையை உதறிச் சரிசெய்தாள்.

“இருந்துச்சு,” என்றாள். “இப்பவும் இருக்கு.”

பிறகு சமையல்காரர் பக்கம் திரும்பி, “போகலாம்,” என்று சொல்லிவிட்டு, தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வறுவல்காரி பீப்பாயைச் சாய்த்து, விளிம்பில் உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்தாள். உதவிக்கு வந்த கணவனை முழங்கையால் ஒதுக்கினாள். அதிகம் குளிரவைக்க வேண்டாம், குலுக்காமல் கொண்டுபோக வேண்டும் என்று சமையல்காரரிடம் சொன்னாள். அவர் சரி சரி என்று குனிந்து அடிப்பாகத்தைப் பிடித்தார். பாரம் முழுவதும் அவர் கைக்கு மாறியது என்று நிச்சயமான பிறகுதான் அவள் தன் கைகளை எடுத்தாள்.