முப்பத்தேழாம் நம்பர் கால்

அந்த ஷூ கம்பெனியில் அவளுக்குப் பெயர் முப்பத்தேழு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது; யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. "முப்பத்தேழு வந்தாச்சா?", "முப்பத்தேழு டீ குடிச்சிட்டு வரட்டும்" என்றே இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது.

பத்தொன்பது வயதில் தையல் பிரிவில் வேலை கேட்டு வந்தவள் அவள். இரவல் ஷூ வழியெல்லாம் கடித்ததால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசலில் நின்றாள். எதிரே வந்த மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைத்தான் பார்த்தார். உள்ளே கூட்டிப்போய் நீளம், சுற்றளவு, மேல்பாதம் எல்லாம் அளந்தவர், ஏதோ புதையல் கிடைத்தது மாதிரி டேப்பைக் கீழே போட்டார். பெண்களுக்கான எந்த ஷூவையும் முதலில் முப்பத்தேழாம் அளவில்தான் செய்து பார்ப்பார்கள். மற்ற அளவெல்லாம் அதிலிருந்து கூட்டிக் குறைப்பதுதான். அந்த அளவுக்கு மயிரிழை பிசகாத காலோடு ஒருத்தி தானாக வந்து வாசலில் நின்றால் விடுவாரா மனுஷன்?

வேலை இதுதான். மாதிரி ஷூவைப் போட்டுக்கொண்டு ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை இருபது நடை நடக்க வேண்டும். பிறகு மாஸ்டர் கேட்பார்: "எங்க கடிக்குது?" அவள் விரலை வைத்துக் காட்டுகிற இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போடுவார். அந்தக் கோட்டை வைத்துத்தான் தோலைத் தளர்த்துவார்கள், தையலை நகர்த்துவார்கள். முதல் மாதிரியை அவள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "வந்துட்டாய்யா புகார்ப் பெட்டி" என்பார் மாஸ்டர். திட்டுவது மாதிரி இருக்கும், ஆனால் அவள் கைகாட்டாமல் ஒரு ஜோடியைக்கூட அவர் மேலே அனுப்பியதில்லை.

அவளுக்கும் அந்த வேலை அப்படிப் பிடித்திருந்தது. உட்காரச் சொன்னால்தான் உடம்பு வலிக்கும்; காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். பஸ்ஸில் ஏறினால் முகங்களைப் பார்க்க மாட்டாள், கால்களைத்தான் பார்ப்பாள். தான் நடந்து பார்த்த ஷூ எவள் காலிலாவது தென்பட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். அப்படி ஒரு ஷூ போட்டவள் நொண்டுவதைப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் பின்னாலேயே போயிருக்கிறாள். அந்தப் பெண் இவளைத் திருடி என்று பயந்து பையை இறுக்கிக்கொண்டது வேறு கதை.

நாற்பதைத் தாண்டியதும் வலது கால் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. கட்டைவிரல் அடியில் எலும்பு புடைத்தது. இரண்டாவது விரல், அண்ணனைத் தாண்டிய தம்பி மாதிரி முன்னால் நீண்டு நின்றது. அந்த வருடம் பார்த்துத்தானா கூர்மூக்கு ஷூ மோகம் பிடிக்க வேண்டும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவைப் பார்த்துவிட்டு மேனேஜர் அம்மா கூப்பிட்டார்.

"சுத்தளவு நாலு மில்லிமீட்டர் கூடியிருக்கு. அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு பேக்கிங்ல இடம் இருக்கு, கவலப்படாதீங்க."

கவலை இல்லை, கோபம்தான் வந்தது. நாலு மில்லிமீட்டர்! பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று பெட்டியில் காகிதம் திணிக்க வேண்டும். அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, விளக்கைப் போட்டு அணைத்து, மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

மறுவாரம் ஒரு கிளினிக் வாசலில் போய் நின்றாள். கூர்மூக்கு ஷூவுக்குள் நுழைவதற்காகவே பெண்கள் அங்கே காலைச் செதுக்கிக்கொள்கிறார்கள் என்று தையல் பிரிவில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்ட இடம் அது. எலும்பைச் சீவி, விரலில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் பழைய அளவு வந்துவிடும் என்றார் டாக்டர்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"காலுக்குத் தக்கபடி செருப்பு வாங்குவாங்க. செருப்புக்குத் தக்கபடி கால வெட்டுவாங்களா? ஊரே சிரிக்கும்டி!"

"ஊரு சிரிக்கட்டும். ஊரு நடக்கறதே என் காலத்தான் நம்பி."

"பேக்கிங்ல போய் நின்னா என்ன கேடு?"

"உங்கள பஸ்ஸ விட்டு இறக்கி டிப்போல டயர் எண்ணச் சொன்னா எண்ணுவீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தான் சொன்னது முழுப் பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் மரத்துப்போகும். சிலருக்கு உணர்ச்சி முழுசா திரும்பாமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்டாள். மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பிறகு வந்த ஏழு வாரம்தான் நரகம். தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நேரம் சுவரைப் பார்ப்பாள்? நடக்கக் கூடாது என்றார்கள். இடது கால் மட்டும் போர்வைக்குள் நடந்துகொண்டே இருந்தது. "படுத்துக்கிட்டே எந்த ஊருக்குப் போற?" என்று கணவர் கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் வேறு எவளையாவது கொண்டுவந்து நடக்கவிட்டிருப்பார்களோ என்ற ஒரே நினைப்பு அவளை அரித்தது.

திரும்பிப் போன அன்று மாஸ்டர் அளந்தார். நீளம் சரி. சுற்றளவு சரி. மேனேஜர் அம்மாவே எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். "இருபது வருஷத்துக்கு முன்னால வாசல்ல நின்ன அதே கால்" என்று மாஸ்டர் எல்லோருக்கும் டீ சொன்னார். முப்பத்தேழுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மதியமே முதல் கூர்மூக்கு மாதிரி வந்தது. போட்டாள். இருபது நடை நடந்தாள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"எங்க கடிக்குது?"

அவள் குனிந்து ஷூவின் மூக்கைப் பார்த்தாள். கூர்மூக்கு எங்கே கடிக்கும் என்பது இத்தனை வருட அனுபவத்தில் தெரியாதா என்ன? "சுண்டுவிரல் பக்கம் மாஸ்டர்" என்றாள். அவர் கோடு போட்டார். மறுவாரம் இன்னொரு ஜோடி, அதற்கும் சுண்டுவிரல். மூன்றாவது ஜோடிக்குச் சுண்டுவிரலோடு குதிகாலையும் சேர்த்துக்கொண்டாள், சந்தேகம் வரக் கூடாதே என்று.

அதற்குப் பிறகு அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டை ஊசியால் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தாள். தோல் குழிந்தது, அவ்வளவுதான். பஸ்ஸில் கால்களைப் பார்ப்பதை விட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி போனாள். அந்தக் கோடுகளை நம்பி எத்தனை ஆயிரம் ஷூ தைப்பார்கள், எத்தனை பேர் நொண்டுவார்கள் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்து எதையாவது துடைத்தாள். நாளைக்கு உணர்ச்சி வந்துவிடும், நாளைக்கு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

நான்காவது ஜோடி கருஞ்சிவப்பு. இருபது நடை முடித்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க கடிக்குது?"

"சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம்..."

மாஸ்டர் குனிந்து வலது ஷூவைக் கழற்றினார். கழற்றிய கை அப்படியே நின்றது. அவள் கட்டைவிரலின் அடியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவினார். அவர் முகம் வெளுத்தது. தைக்கும்போது உள்அட்டையைக் கால் வடிவக் கட்டையோடு பிடித்து வைக்க அடிக்கும் சின்ன ஆணி. கட்டையை உருவும் முன்னால் அதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க மறந்திருக்கிறார். அதன் முனை மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நான் பண்ண பாவம்மா இது! இருபது நட இதோடயா நடந்த? எனக்குக் கெட்ட பேர் வந்துடும்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பஞ்சைத் தேடி ஓடினார். அவள் உட்கார்ந்திருந்தாள். ஆமாம் மாஸ்டர், உங்களுக்காகத்தான் பொறுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிலைக்கும். ஆணியைப் பற்றி அவரும் மூச்சுவிட மாட்டார். அவர் மண்டியிட்டு, தன் மகள் காலைத் துடைப்பது மாதிரி, வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பயப்படாம அழுத்தித் தொடைங்க மாஸ்டர். எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"வலி. ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அந்த ரெண்டு வெரல்லயும் ஒண்ணுமே தெரியல. ஆணி குத்தினதும் தெரியல."

மாஸ்டர் மெல்ல நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். மூன்று ஜோடியும் வெள்ளைக் கோடுகளோடு வரிசையாக நின்றன.

"அப்ப அதெல்லாம்?"

"வாய்க்கு வந்தத சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பஞ்சைச் சுற்றிக் கட்டினார். அவள் நொண்டாமல் எழுந்து போய், ஈரத்துணியால் ஒவ்வொரு கோடாக அழித்தாள். பிறகு அவளே தையல் பிரிவுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். அங்கே ஒருத்திக்கு முப்பத்தேழாம் கால். பல வருடமாக இவளுக்கு அது தெரியும், யாரிடமும் வாய் திறந்ததில்லை.

வந்தவள் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். நாள் முழுக்க மெஷினில் குனிந்து கூன் விழுந்த முதுகு. சாம்பிள் அறையின் வெளிச்சத்தைப் பார்த்து அவள் கண் விரிந்தது. மாஸ்டர் இரண்டாவது ஜோடியைக் கொடுத்தார். நடந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பும்போதே குதிகாலில் கனத்தைப் போட்டு, விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்தாள். உதடு மட்டும் சிரித்தது.

"எங்க கடிக்குதும்மா?" என்றார் மாஸ்டர்.

"எங்கயும் இல்ல சார். ரொம்ப நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதடி!" என்று முக்காலியிலிருந்து கத்தினாள் முப்பத்தேழு. கத்திய பிறகுதான் தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது. "கடிக்குதுன்னு சொன்னாத்தான் இங்க வேல. சொல்லு, எங்க கடிக்குது?"