லா ஷப்பலில் அசைக்கக் கூடாத ஒரு பாட்டில்

ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு ரயில் ஏறினேன். உடன் வந்தது என் எட்டு மாத மகன் கவின் மட்டும். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பயணம் மூன்றேகால் மணி நேரம். முன்பே எடுத்ததால் டிக்கெட் நாற்பத்தொன்பது யூரோ. பிள்ளை பிறந்த பிறகு நான் தனியாகச் செய்யும் முதல் பயணம். இரண்டு நாளுக்கு ஒரு வாரத்துக்கான டயப்பர்களை எடுத்துக்கொண்டேன். ரயில் நகர்ந்ததும் அவை போதுமா என்ற சந்தேகம் வந்தது.

எதிர் இருக்கையில் ஒரு ஜெர்மன் மூதாட்டி. கவினின் கண்ணில் வெயில் விழுவதை எனக்கு முன்பே கவனித்து, தன் கழுத்துத் துணியை ஜன்னல் கொக்கியில் மாட்டினார். நன்றி சொன்னேன். நானே ஏன் கவனிக்கவில்லை என்று எல்லை தாண்டும் வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பாரிஸின் கார் து லெஸ்த் நிலையத்தில் சுமதி அக்கா காத்திருந்தாள். அவள் கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது வருடங்கள். அத்தான் ரூபன் யாழ்ப்பாணத்துக்காரர். பிகால் பக்கம் ஓர் இத்தாலிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். திருச்சியில் என் அம்மா இதை யாரிடமும் இப்படிச் சொல்வதில்லை. "பெரிய மாப்பிள்ளை பாரிஸ்ல ஒரு கம்பெனியில இருக்கார்" என்பார். எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்டால் பேச்சு காவிரியில் தண்ணீர் வந்ததற்குத் திரும்பிவிடும். இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு முறை விசா, ஒரு முறை அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, பிறகு அம்மாவின் முழங்கால். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் எந்தக் காரணமும் இல்லாத வருடங்களிலும் யாரும் கிளம்பவில்லை.

நான் போகிறேன் என்றதும் அம்மா தொலைபேசியில், "எல்லாத்தையும் நல்லா பாத்துட்டு வா" என்றார். எதை என்று சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

ரயில் நிலையத்திலிருந்து அக்கா வசிக்கும் லா ஷப்பலுக்குத் தள்ளுவண்டியோடு நடந்தால் இருபது நிமிடம். கார் து நோர் நிலையத்தைத் தாண்டியதும் பலகைகள் தமிழுக்கு மாறிவிடுகின்றன. முருங்கைக்காய், வாழையிலை, வறுத்த மிளகாய்த்தூள், சேலைக் கடை, நகைக் கடை. காய்கறிக் கடைக்காரர் கவின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். அவன் இன்னும் மசித்துத்தான் சாப்பிடுகிறான். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அவர் வருந்துவாரோ என்று நான் குழம்ப, அக்கா பழத்தை வாங்கித் தானே தின்றுவிட்டாள்.

"ரூபன் அண்ணையின்ரை மச்சாளோ?" என்று கேட்டார் கடைக்காரர். "குடுத்து வைச்சனீங்கள். அவர் சமைக்கிறதெல்லாம் வெள்ளைக்காரர்தான் சாப்பிடுகினம். எங்களுக்கு ஒரு கோப்பை கிடைக்கேல்லை."

அக்கா வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. முன்னறை ஜன்னலுக்கு நேரே இரண்டாம் எண் மெட்ரோ தூண்களின் மேல் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அலமாரிக் கண்ணாடிகள் மெல்லக் கிணுகிணுக்கும். எனக்கும் கவினுக்கும் அதிராத பின்னறையைத் தந்திருந்தார்கள். அத்தான் வேலை முடித்து வந்தபோது நாங்கள் தூங்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் அத்தானும் சந்தைக்குப் போனார்கள். அன்று உணவகத்துக்கு விடுமுறை. மாலையில் அத்தான் எனக்காக இத்தாலிய விருந்து சமைப்பதாக ஏற்பாடு. நான் கவினைப் பின்னறையில் பாயில் விட்டேன். ஊர்ந்து போகக் கற்றுக்கொண்ட புதிது. நேராக அறையின் மூலைக்குப் போனான். அங்கே மடித்த துணியின் மேல், தூசி படிந்த ஒரு கறுப்புப் பாட்டில் நின்றது.

பதறி அதை எடுத்து முன்னறை ஜன்னல் மேடையில் வைத்தேன். மெட்ரோ போனது, பாட்டில் நடுங்கியது. விழுந்தால்? அதை எடுத்துச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுக்க வைத்தேன். பாத்திரம் கழுவும் திரவங்களுக்கு நடுவில் வைப்பது சரியா? திரும்ப எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பின்பக்க லேபிளைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல், பழைய மூலையிலேயே வைத்துவிட்டு என் பெட்டியை அதற்கு முன் வேலியாகப் போட்டேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். பாரிஸில் ஜூன் மாதம் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மேஜை மேல் முழு வெயில். கவின் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

முதலில் சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், மேலே உப்பிட்ட நெத்தலி. அதற்கு டஸ்கனிப் பகுதியின் கியாந்தி என்ற வைன், பத்து வயதுக்கு மேல். அத்தான் தன் முதலாளியைப் பிரெஞ்சு வார்த்தையில் 'பத்ரோன்' என்றுதான் சொல்வார். அந்தப் பத்ரோன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பழைய பாட்டில் பரிசாகத் தருவாராம். தாய்ப்பால் கொடுப்பதால் நான் குடிப்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். அத்தான் வற்புறுத்தவில்லை. மணந்து மட்டும் பார்க்கச் சொன்னார். விளிம்பில் செங்கல் நிறம். காய்ந்த இலந்தைப்பழத்தின் புளித்த வாசனை.

அடுத்து காளான் ரிசோத்தோ. அரிசி குழையவில்லை, ஆனால் குழைந்தது போலத் தட்டில் பரவியது. அதனுடன் புருனெல்லோ என்ற இன்னொரு வைன், புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த வாசனை அதில் இருந்தது. அதைச் சொன்னதற்கு அக்கா தன் மூக்கையும் குவளைக்குள் விட்டுப் பார்த்தாள். பெண்கள் குடிப்பதைப் பற்றி எனக்கு என்னென்னவோ எண்ணங்கள் இருந்தன. அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு ரிசோத்தோவுக்குத் திரும்பியதில் அவை எல்லாம் சும்மா கலைந்துபோயின. அத்தான் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பாட்டிலைப் பிடித்தபடி நிற்பார். "ரயில் ஒண்டு போகட்டும்" என்பார். கண்ணாடிகள் அடங்கிய பிறகே ஊற்றுவார்.

மூன்றாவது, சிவப்பு வைனில் மெதுவாக வெந்த ஆட்டுத் தொடை. அதற்காக அத்தான் பின்னறைக்குப் போய், அந்த மூலைப் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். தூங்கும் பிள்ளையை ஏந்துவது போலிருந்தது.

அது பரோலோ. இத்தாலியின் வடக்கே பியமோன்தே மலைகளில் விளைவது. கல்யாணம் முடிந்து அத்தான் திரும்பிய வாரம் பத்ரோன் கொடுத்தது. அப்போதே சில வருடம் பழையது. வீட்டில் வைத்தால் மெட்ரோ அதிர்வில் கெடும் என்று உணவகத்தின் நிலவறையில் வைத்திருந்தாராம். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, மூன்றே நிறுத்தம்தான் என்றாலும் ரயில் ஏறாமல், பிகாலிலிருந்து நடந்தே வந்தாராம். அடியில் மண்டி படிந்திருப்பதால் இரண்டு நாள் ஆடாமல் நிற்க வேண்டுமாம்.

இதை எல்லாம் அக்காதான் சொன்னாள். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்டுலேர்ந்து யாராவது வந்து உக்காந்து சாப்பிடற அன்னைக்குத்தான் திறக்கணும்னு வெச்சிருந்தார்" என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். துடைத்த பாட்டில் துடைத்தது போலவே தெரிந்தது. அவர் கவனித்திருப்பாரோ, இல்லையோ. ஒரு மெட்ரோ போய் முடியும் வரை காத்திருந்தேன்.

"அத்தான், காலையில நான் இதை எடுத்தேன். கவின் இழுத்துடுவான்னு. ஜன்னல்ல வெச்சேன், தொட்டிக்கு அடியில படுக்க வெச்சேன், அப்புறம் திரும்ப அங்கேயே வெச்சுட்டேன்."

அக்கா தலையில் கை வைத்தாள். அத்தான் பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கலங்கித்தான் போச்சு" என்றார். பிறகு கேட்டார்: "பிள்ளை இடையிலை முழிச்சா நீங்கள் என்ன செய்வீங்கள், தங்கச்சி?"

"தட்டிக் கொடுத்துட்டுப் பேசாம உக்காந்திருப்பேன்."

"அதைத்தான் இப்ப செய்யப்போறம். இறைச்சியும் அடுப்பிலை கிடந்து இன்னும் பதமாகும். ஒண்டும் கெடேல்லை."

பாட்டிலைப் பின்னறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். உணவகத்தில் முதல் வருடம் அவர் வெங்காயம் மட்டுமே உரித்ததை, முதன்முதலில் சமைத்த சாஸைப் பத்ரோன் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியால் வழித்துத் தின்றதை அத்தான் சொன்னார். இந்தக் கதைகளை எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

ஒன்பது மணி வாக்கில் மறுபடி பாட்டில் வந்தது. தக்கையை மெதுவாக இழுத்தார். மண்டி எப்போது வருகிறது என்று தெரிய வேண்டும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். என் கை நடுங்கியது. "ரயில் ஒண்டு போகட்டும்" என்றார், என் கையைப் பார்த்து. அப்போது எந்த ரயிலும் வரவில்லை. கை அடங்கியதும் கண்ணாடிச் சாடியில் ஊற்றத் தொடங்கினார். மெல்லிய சிவப்பு நூலாக இறங்கியது. ஒரு கட்டத்தில் வெளிச்சத்தில் புகை போல ஒன்று கழுத்தை நோக்கி வந்தது. உடனே நிறுத்தினார். சாதாரணமாக இரண்டு விரல் அளவு மிஞ்சுமாம்; என்னால் நான்கு விரல் மிஞ்சியது. அதை ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிவிட்டார்.

குவளையை மணந்தேன். தேர்வில் பதில் சொல்லும் பயம். "ரோஜா மாலை. அப்புறம், சிரிக்காதீங்க, புதுசா போட்ட தார் ரோடு."

"கல்யாண ஊர்வலம் ஜங்ஷனைத் தாண்டிடுச்சுடி" என்றாள் அக்கா.

"பத்ரோனும் இதைத்தான் சொன்னவர்" என்றார் அத்தான். "ரோசாவும் தாரும்."

எனக்குக் குவளையைக் கீழே வைக்க மனம் வரவில்லை, குடிக்கவும் துணிவில்லை. அத்தான் எழுந்து போய் மூன்று சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்தார்.

"குடிக்கத் தேவையில்லை. வாயிலை வைச்சு உலாவ விட்டிட்டு இதுக்கை துப்புங்கோ. ருசி பாக்கிற ஆக்கள் உப்பிடித்தான் செய்யிறவை."

"ஒன்பது வருஷம் வெச்சிருந்ததைத் துப்பறதா, அத்தான்?"

"வைச்சிருந்தது நீங்கள் ருசி பாக்கத்தானே. வயித்துக்கை போகோணும் எண்டு நான் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு அவரே முதலில் ஒரு வாய் எடுத்து, டம்ளரில் துப்பினார். பிறகு அக்கா. பிறகு நான். நாக்கு முழுவதும் இறுகிக் காய்ந்தது, கடுக்காயைத் தொட்டது போல. பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். துப்பிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல, எங்கிருந்தோ ஓர் இனிப்பு வந்து நின்றது. அது வெகு நேரம் போகவில்லை. மூன்று பேரும் டம்ளரும் கையுமாக ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா சிரித்த சிரிப்பில் கவின் விழித்துக்கொண்டான். அத்தான் போய் அவனைத் தூக்கி வந்தார். இரண்டு கையாலும், அதே மாதிரி.

ஒரு துளியும் விழுங்கவில்லை என்று தெரிந்தும், முன்பே எடுத்துவைத்த பாலைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை அத்தான் காலிப் பாட்டிலைக் கண்ணாடிக் குப்பைத் தொட்டிக்கு எடுத்தபோது, நான் கேட்டு வாங்கினேன். கவினின் துண்டுகளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ரயில் நிலையத்தில் தள்ளுவண்டியை ஏற்றிவிட்டு அத்தான் சொன்னார்: "அம்மாட்டை வைன் கதை சொல்லாதேங்கோ, கவலைப்படுவா. நல்லாச் சாப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ. அதுவே போதும்."

ஆகஸ்டில் கவினுடன், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அத்தான் பேச்சை மீறி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிகாலிலிருந்து நடந்து வந்தது, வெளிச்சம் பிடித்தது, டம்ளரில் துப்பியது வரை. சொன்னது தப்போ என்று அன்று முழுக்க யோசித்தேன். எந்தக் காலிப் பாட்டிலானாலும் வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி எடுப்பது அம்மாவின் வழக்கம். இதை உள்ளே மட்டும் கழுவி, மணி பிளான்ட் கொடி ஒன்றை விட்டு, லேபிள் வெளியே தெரியும்படி கூடத்தில் டீவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு மாமி வந்தபோது அது என்ன பாட்டில் என்று கேட்டார். நான் சமையலறையில் இருந்தேன்.

"பெரிய மாப்பிள்ளை பாரிஸ்ல ஹோட்டல்ல சமையல்காரர் இல்லையா," அம்மாவின் குரல் கேட்டது. "நம்ம வீட்டு ஆளு வந்தாதான் திறப்பேன்னு எடுத்து வெச்சிருந்தாராம்."

கூடத்துக்கு வந்தேன். கவின் பாட்டிலை நோக்கி வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தான். அதை எடுத்து உயரே வைக்கலாம் என்று குனிந்தேன்.

"பாட்டில் அங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மா. "நீ பிள்ளையைத் தூக்கு."